மார்த்தா மாட்டேன் என்கிறாள்

பெருமாள் படத்தைக் கழற்றித் தன் அறைக்குள் கொண்டுபோய் மாட்டிய பிறகுதான் பாஸ்கர் சார் அந்த விளையாட்டை எங்கள் கம்ப்யூட்டர்களில் ஏற்ற விட்டார். திருப்பதியில் பெருமாள் படம் இல்லாத ஆபீஸ் கிடையாது. எங்கள் ஆபீஸில் அது எங்கள் திரைகளுக்கு நேர் எதிரே இருந்தது. தினமும் காலையில் துளசி மாலை போட்டு, ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் சார் மற்ற வேலைகளைத் தொடுவார். அன்று ஸ்டூல் மேல் ஏறி ஆணியிலிருந்து படத்தை எடுக்கும்போது வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் வெங்கட்டும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இத்தனைக்கும் பெருமாள் பார்க்கக் கூடாதது எதுவும் அப்போது அந்த விளையாட்டில் இல்லை. பாதிதான் முடித்திருந்தார்கள். எங்கே எது நடக்க வேண்டுமோ அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டமும், அதற்குள் ‘படம் பிறகு வரும்’ என்று ஒரு வரியும்தான் வந்தன. வெறும் கட்டத்தைப் பார்த்துப் பெருமாள் என்ன கெட்டுப்போகப் போகிறார் என்று கேட்டேன். சார் காதில் வாங்கவில்லை.

எங்கள் பிழைப்பு இதுதான். வெளிநாட்டில் யாராவது ஒரு விளையாட்டைச் செய்வார்கள். அது ஒழுங்காக ஓடுகிறதா, எங்கே இடறுகிறது, எது குறை என்று ஆடிப் பார்த்து நாங்கள் எழுதிக் கொடுப்போம். ஆபீஸ் என்றால் மூன்று பேர். சார் புத்தூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். வெங்கட் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவன். என் வயதுதான், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. நான் நகரிக்காரி. அண்ணன் மணிவேல் அங்கே பவர்லூம் ஓட்டுகிறான், அம்மா அவனோடு இருக்கிறாள். நான் திருப்பதியில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன், முப்பத்தாறு வயதில், கல்யாணம் ஆகாமல். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நகரியில் யாரும் சாதாரணக் குரலில் சொல்ல மாட்டார்கள். யாருக்கோ ஆபரேஷன் என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள்.

இந்த வேலை வந்தபோது, பெரியவர்கள் மட்டும் ஆடுகிற காதல் விளையாட்டு, லேடீஸுக்கு எதற்கு என்று சார் என்னை ஒதுக்கப் பார்த்தார். அதில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள், பெண்ணைப் பற்றித் தெரிந்த ஒரு ஆளாவது பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். வெங்கட் சிரித்துவிட்டான். சாருக்கும் வேறு ஆள் இல்லை. அப்படித்தான் பாதி வேலை என் பக்கம் வந்தது.

விளையாட்டு சுலபமானது. ஒரு கடற்கரை ஊர். கோடை விடுமுறைக்கு ஒருத்தன் அங்கே வந்து இறங்குகிறான். அவன்தான் நாம். பேசும்போது படம் அசையாமல் நிற்கும், அடியில் பேச்சு ஓடும், நாம் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதைப் புத்தகம் போலத்தான். ஆனால் புத்தகம் போல ஒரே வழியில் போகாது. ஊரே திறந்து கிடக்கும். காலையில் சந்தைக்குப் போகலாம், மத்தியானம் கடலுக்குப் போகலாம், யார் வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டலாம். ஊரில் ஆறு பெண்கள், எல்லோரும் வயது வந்தவர்கள், தனியாக இருப்பவர்கள். ஒவ்வொருத்தியின் தலைக்குப் பக்கத்திலும் ஒரு இதயம் வரைந்திருக்கும். பேச்சுக் கொடுத்தால் கொஞ்சம் நிரம்பும், பரிசு கொடுத்தால் இன்னும் நிரம்பும். முழுசாக நிரம்பினால் கதவு திறக்கும், சாம்பல் கட்டம் வரும். செய்தவர்கள் இரண்டே பேர், எங்கோ குளிர் தேசத்தில் இருக்கிறார்கள். கையில் இருந்ததெல்லாம் தீர்ந்து பாதியில் நின்றுவிட்டார்கள். இப்போது ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கி முடிக்கலாமா என்று யோசிக்கிறது. முடிக்கத் தகுந்ததா, எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்வதற்குத்தான் எங்களைப் பிடித்தார்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. அசிங்கம் என்று மூக்கைப் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் ஆசைப்படுவதைக் கதையாகச் சொல்வது அசிங்கம் என்றால், ஊரில் பாதிப் பாட்டை நிறுத்த வேண்டியிருக்கும். குறைகள் நிறைய இருந்தன. ரொட்டிக் கடைக்காரிக்கு வீடே வரையவில்லை. கடையைச் சாத்திய பிறகும் விடியும்வரை இருட்டில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், பாவம். மீன் விற்கிறவள் முதல் தடவை பார்க்கும்போதே நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். வெங்கட் வேறு விதம். அவன் ஆட்டத்தை ஜெயிக்க ஆடுவான். யாருக்கு எதைக் கொடுத்தால் இதயம் நிரம்பும் என்று பார்த்துப் பார்த்து, இரண்டு நாளில் ஐந்து பேரை முடித்துவிட்டான். ஆறாவது ஆளிடம்தான் மாட்டிக்கொண்டான்.

அவள் பெயர் மார்த்தா. நாற்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்து டீச்சர், மேட்டுத் தெருவில் நீலக் கதவு போட்ட வீடு. நன்றாகப் பேசுவாள், சிரிப்பாள், தேநீர் கூடக் கொடுப்பாள். இதயமும் முக்கால்வாசி நிரம்பும். அதற்கு மேல் கேட்டால், ‘இல்லை, எனக்கு விருப்பமில்லை’ என்பாள். காரணம் சொல்ல மாட்டாள். வெங்கட் பூ கொடுத்தான், புத்தகம் கொடுத்தான், ஊரிலேயே விலை கூடிய கைக்கடிகாரத்தைக் கொடுத்தான். நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் அதையேதான் சொன்னாள். அவன் மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, ‘மார்த்தாவின் பாதை உடைந்திருக்கிறது, முன்னே போக வழியில்லை, மறுப்புக்குக் காரணமும் எழுதப்படவில்லை’ என்று பிழைப் பட்டியலின் தலையில் போட்டான். ஆட்டத்தை நிறுத்திவிடும் பிழைகளுக்கான சிவப்பு நிறம் அதற்கு. அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பட்டியலில் நானும் ரொம்ப நாளாக இருக்கிறேன்.

பள்ளிப்பட்டில் கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வன் என்பவர் என்னைக் கேட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர். குடி கிடையாது, முன்கோபம் கிடையாது. வந்து பார்த்தார், நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். காரணம் ஒன்றும் இல்லை, எனக்கு இப்படி இருப்பது பிடித்திருக்கிறது என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறேன் என்றிருந்தால் அடித்து, அழுது, ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். காரணமே இல்லாமல் ஒரு பெண் மாட்டேன் என்றால் அது அவள் பேச்சாக இருக்க முடியாது, கிரகத்தின் பேச்சு என்று எங்கள் பக்கத்தில் முடிவு கட்டிவிடுவார்கள். ராகு கேது தோஷம், காளஹஸ்தியில் பரிகாரம். இரண்டு தடவை கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன், சாமி மேல் எனக்கு ஒன்றும் சண்டை இல்லை. பூஜை முடிந்தால் வேறு எங்கும் நுழையாமல் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று நகரிக்கே அழைத்துப் போவார்கள். வாசலில் கால் வைத்ததும் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், மருந்து வேலை செய்ததா என்று பார்ப்பதுபோல. நான் வேண்டாம் என்பேன். தமிழ்ச்செல்வன் வீட்டிலிருந்து பொங்கலுக்குக் கரும்பும், கோடையில் மாம்பழக் கூடையும் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

அதனால் மார்த்தாவை நான் விடவில்லை. வெங்கட் ஆடுகிற மாதிரி ஆடாமல், நான் எப்போதும் செய்வதுபோல ஒன்றும் செய்யாமல் ஊரில் நின்றேன். விளையாட்டில் ஒரு ஆளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், நாம் எதுவும் கேட்காதபோது அந்த ஆள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மற்ற ஐந்து பேரும் வைத்த இடத்தில் நின்றார்கள். மார்த்தா நிற்கவில்லை. நேற்றுத் தொல்லை கொடுத்திருந்தால் இன்று பள்ளிக்கூடத்துக்கு வேறு தெரு வழியாகப் போனாள். இரண்டாம் தடவை தொல்லை கொடுத்தால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். சில நாள் அவள் பக்கமே போகாமல் இருந்து பார்த்தேன். சந்தையில் அவளாகவே வந்து, இன்றைக்குக் காற்று நன்றாக இருக்கிறது, இல்லையா என்றாள். உடைந்துபோன பாதைக்கு யாரும் இத்தனை தெருக்களை வரைந்து வைக்க மாட்டார்கள். குளிர் தேசத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்தப் பெண் மாட்டாள், மாட்டேன் என்ற பிறகும் அவளுக்கு ஒரு நாள், ஒரு வாழ்க்கை உண்டு என்று பொறுமையாக எழுதியிருக்கிறார். அந்தப் பாதி விளையாட்டில் முழுசாக முடிந்திருந்தது அவள் ஒருத்திதான். எனக்கு அன்று சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வெங்கட் பார்த்துவிடக் கூடாதே என்று எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மதிப்பீட்டை அப்படியே எழுதினேன். விளையாட்டு முடிக்கத் தகுந்தது. ரொட்டிக் கடைக்காரிக்கு வீடு வேண்டும். மார்த்தாவின் பாதை பிழை அல்ல, அதில் கை வைக்க வேண்டாம். கைவைத்தால் மற்ற ஐந்து பேரும் சம்மதிப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். வெங்கட் படித்துவிட்டு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அந்த வேறு தெருவை அவனே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, சிவப்பை எடுத்துவிடு என்றான். சார்தான் எடுக்க விடவில்லை. பெரிய கம்பெனியிலிருந்து, ஆறு பேரையும் அடைய முடிய வேண்டும், அது நடக்குமா என்று முன்பே ஒரு மெயில் வந்திருந்தது. அவர்கள் மனதில் இருப்பதை எழுதினால் அடுத்த வேலையும் நமக்கே வரும் என்பது அவர் கணக்கு. திங்கட்கிழமை சாயந்திரம் என்னை அறைக்குள் கூப்பிட்டு, பெருமாளுக்குக் கீழே உட்கார வைத்துப் பேசினார்.

“அந்தப் பொம்மைக்கு இஷ்டம் லேதுன்னா உனுக்கு எந்துக்கும்மா? ஒடஞ்சி கீதுன்னு எழுது. அவங்க சரி பண்ணிக்கிறாங்க.”

“அவ ஒடையல சார். ஒடஞ்சி கீதுன்னு நாம எழுதிக் குடுத்தா, அவங்க ஒடச்சிப்புட்டு சரி பண்ணிட்டோம்னு சொல்லுவாங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு இன்னொன்றைச் சொன்னார். மதிப்பீடு செய்தவர் பெயரை அந்தக் கம்பெனி விளையாட்டின் முடிவில் போடும். வெங்கட் பெயரைப் போட்டுவிடலாம், அவன் ஆம்பளை, கல்யாணம் ஆனவன். நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்து, அவர்கள் என் பெயரை நெட்டில் தட்டிப் பார்த்தால் இந்த விளையாட்டுதான் முதலில் வந்து நிற்கும். என் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அது எனக்குத் தெரியும். நல்லதுக்குச் சொல்கிறவர்களிடம்தான் எனக்கு எப்போதும் அதிகம் கோபம் வருகிறது. என் பெயர்தான் போக வேண்டும், வந்து நிற்கட்டும் என்றேன். நாளை சாயந்திரத்துக்குள் மாற்றி எழுதாவிட்டால் அவரே திருத்தி வெங்கட் பெயரில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்பதையும் தெலுங்கில், கொஞ்சம் மரியாதையாகவே சொன்னார்.

அன்று ராத்திரி அண்ணன் போன் செய்தான். நாளை செவ்வாய்க்கிழமை, ராகு காலப் பூஜைக்குக் காளஹஸ்தியில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மூன்றாம் தடவை செய்தால் கட்டாயம் பலிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். வேன் வைத்துக்கொண்டு வருகிறோம், தயாராக இரு என்றான். வர மாட்டேன் என்றேன். அதை அவன் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் வருகிறோம் என்று வைத்துவிட்டான்.

மத்தியானம் வந்தே விட்டான். அண்ணன் என் ஆபீஸுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, படியேறிய மூச்சு. கீழே வேனில் அம்மா தேங்காய்க் கூடையோடு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். சார் அவனைப் பார்த்ததும் பதறிப்போய், ரண்டி ரண்டி என்று தெலுங்கில் வரவேற்றபடி எழுந்து வந்தவர், பக்கத்து மேஜையில் வெங்கட்டின் திரையை அணைக்கக் கை நீட்டினார். வேண்டாம் சார், இருக்கட்டும் என்றேன். நாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை, கம்ப்யூட்டர் வேலை என்று வீட்டில் சொல்லி வந்ததில் எனக்கே அலுத்துவிட்டது. பார்க்கட்டும், அவன் தங்கை என்ன செய்கிறாள் என்று.

“ராகு காலத்துக்குள்ள போவணும். கெளம்பு தேவா.”

“வர்ல. ஒரு வேல கீது, அத முடிச்சிக்கினு பேசறேன். குந்து.”

அவன் உட்கார்ந்தான். என்னை இழுத்துக்கொண்டு போக முடியாத இடம் என்பது ஒன்று, சார் டீ வாங்கிவர வெங்கட்டை அனுப்பிவிட்டார் என்பது இன்னொன்று. நான் என் திரையைப் பார்த்துத் திரும்பினேன். மதிப்பீட்டில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கீழே என் பெயரை அடித்தேன், தேவசேனா, அதற்குப் பின்னால் நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பாவின் பெயரும் ஊரும். இதுவரை எல்லாம் சார் வழியாகத்தான் போகும். இதை நேராகக் கம்பெனிக்கே அனுப்பி, சாருக்கு ஒரு நகல் வைத்தேன். அனுப்பும் பட்டனை அழுத்தினேன். தன் அறைக்குத் திரும்பியிருந்த சாரின் போன் சிணுங்கியது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், அறைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். என்ன செய்யப் போகிறார் என்று தெரியவில்லை. எழுந்து வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், அண்ணன் வெங்கட்டின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலக் கதவைப் பாதி திறந்துகொண்டு மார்த்தா நின்றாள். அவனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

“யாரு இது?”

“மார்த்தா. டீச்சரு.”

“இன்னா சொல்றா?”

“வாணான்றா. ஒருத்தன் வந்து கேக்கறான், இவளுக்கு இஷ்டமில்ல.”

“ஏனாம்?”

“அத சொல்லல.”

“அப்றம்?”

“அப்றம் இன்னா. அவ்ளோதான்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. அதெப்படி அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எதை அழுத்த வேண்டும் என்று கேட்டான். காட்டினேன். பூங்கொத்தைக் கொடுத்தான். மார்த்தா வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி, இல்லை என்றாள். வரியை நான் படித்துச் சொன்னேன். வெங்கட் டீயோடு வந்து, நானும் இதையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன் அண்ணா என்றான். அண்ணன் அதையும் கேட்கவில்லை. புத்தகம், சால்வை, கடிகாரம் என்று ஒவ்வொன்றாக நீட்டினான். ஒவ்வொரு தடவையும் நான் படித்தேன். எனக்கு விருப்பமில்லை. வேண்டாம். நான் சொன்னதையே சொல்கிறேன். குரல் உயராமல், முகம் மாறாமல், நின்ற இடத்தில் நின்று சொன்னாள். படித்துப் படித்து, கடைசியில் நான் யாருக்காகப் படிக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. என் குரலில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

“எத்தினி வாட்டி கேட்டாலும் இதான். நா நல்லாத்தான் கீறேன்.”

அண்ணன் விரலை எடுத்தான். சட்டைப் பையில் போன் அடித்தது, அம்மாவாகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதும் மார்த்தா கதவைச் சாத்தினாள். ஊரில் வெளிச்சம் குறைந்து ராத்திரி வந்தது. மேட்டுத் தெருவில் அவள் வீட்டு ஜன்னலில் மட்டும் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. உள்ளே அவள் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, கையில் பாத்திரத்தோடு அடுப்புக்கும் மேஜைக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை என்பதுபோல, பாட்டுக்கு ஏற்ப ஒரு தடவை இடுப்பை லேசாக அசைத்தாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயை மூடிக்கொண்டான்.

படியில் காலடி கேட்டது. பொறுமை இழந்து, முட்டி வலியோடு அம்மா ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தாள், இரண்டு படிக்கு ஒரு தடவை அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி. அவன் வருகிறேன் என்று குரல் கொடுத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், சுவரோரம் கிடந்த காலி நாற்காலியைக் காலால் இழுத்து, திரையைப் பார்க்கும்படி தன் பக்கத்தில் போட்டான்.